முதலில் வந்தால்தான் ரோடு

ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் மேல் வருஷக்கணக்கில் கோபம் இருக்குமா என்று கேட்கிறார்கள். இருக்கும். எனக்கு இருக்கிறது. பேர் ஊர் தெரியாத யாரோ, எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, நன்றாக இருந்த ஒன்றைப் பாகம் பாகமாகக் கெடுத்தார்கள். கெட்டது என் பொழுதுபோக்கு மட்டும் என்றால் போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பேன். என் மச்சானின் ரோடும் அதோடு போனது.

தொண்ணூறுகளின் நடுவில் கணபதியில் எனக்கு இரண்டு லேத் போட்ட சின்னப் பட்டறை இருந்தது. பம்புக்குத் தண்டு கடைந்து கொடுப்பேன். தெருமுனையில் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார்கள். நடத்தியவர் கோட்டைமேட்டில் பாத்திரக் கடை வைத்திருந்த குடும்பத்து இளைஞர். எல்லோரும் அவரை பாய் என்று கூப்பிட்டோம். காலையிலும் சாயங்காலமும் வகுப்பு நடக்கும். மதியம் மிஷின்கள் சும்மா இருக்கும் நேரத்தில் மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு விளையாட விடுவார். கொட்டேஷன் அடிக்கப் போன நான் அங்கே அந்தத் தெரு ரேஸ் விளையாட்டைப் பார்த்தேன். கொட்டேஷன் மறந்து போனது.

இப்போது இருக்கும் விளையாட்டுகளைப் பார்த்துவிட்டு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். மரங்கள் அட்டையில் வெட்டி நட்டது மாதிரி இருக்கும். ஆனால் அதைச் செய்தவனுக்கு ரோடு என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. வண்டிக்குள் உட்கார்ந்து பார்க்கிற மாதிரியே டேஷ்போர்டு தெரியும், கண்ணாடியில் பின்னால் வருகிறவன் தெரிவான். எதிரே சாதாரண ஜனங்களின் கார்கள் வரும், லாரி வரும். ஹாரன் அடித்தால் முன்னால் போகிறவன் ஒதுங்குவான். எல்லாவற்றுக்கும் மேலே, ரேஸே இல்லாமல் சும்மா ஓட்டலாம். கடற்கரை ரோடு, மலை ரோடு, பெரிய நகரத்து ரோடு, எதில் வேண்டுமானாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் போகலாம். ஏன் மெதுவாகப் போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தச் சும்மா ஓட்டுவதைப் பார்த்ததும் எனக்கு மச்சான் ஞாபகம்தான் வந்தது.

மச்சான் என் அக்காவைக் கட்டியவர். சொந்த வேன் வைத்து பொள்ளாச்சி, வால்பாறை, ஊட்டி என்று சுற்றுலா ஓட்டிக்கொண்டிருந்தார். சைடு கொடுத்தவனுக்குக் கை காட்டி நன்றி சொல்லாமல் ஒருநாளும் தாண்டியது கிடையாது. ஒரு மதியம் கிணத்துக்கடவு தாண்டி ரோட்டோரம் நிறுத்தி டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த லாரி அவரை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. வலது காலில் கம்பி வைத்தார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்றார் டாக்டர். முட்டி மடங்கவில்லை, பாதத்தில் அழுத்தும் சக்தி வரவில்லை. பிரேக் மிதிக்க முடியாத டிரைவர் டிரைவரே இல்லை.

"எத்தன தடவ வால்பாறை ஏறி எறங்கியிருப்பேன் மாப்ள, வண்டீல ஒரு கீறல் உளுந்ததில்ல. நின்னவன இடிச்சுப்போட்டுப் போயிட்டான் பாரு" என்பார். அந்தப் பேச்சு மட்டும் மாறவே இல்லை.

அக்கா கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டாள். இனி ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. கால் நடக்காதவர்களுக்குக் கொடுக்கிற ஒதுக்கீட்டில் ஒரு எஸ்.டி.டி. டெலிபோன் பூத் வாங்கிக் கொடுத்து அவரை உட்கார வைத்தாள். வேனை விற்றுவிடலாம் என்று அவள் சொல்லும்போதெல்லாம் மச்சான் பார்க்கலாம் என்பார். அந்த ஒரு வார்த்தையிலேயே வருஷங்களை ஓட்டினார், வேன் வீட்டு வாசலிலேயே நின்றது. பூத்துக்குள் அவரைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. வாழ்நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருந்த மனுஷர் கண்ணாடிப் பெட்டிக்குள், வெளியே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்படிப்பட்டவரை ஒரு மதியம் அக்காவை பூத்தில் உட்கார வைத்துவிட்டு சென்டருக்குக் கூட்டிப்போனேன். மாடிப்படி ஏற நேரமானது. பாய் நாற்காலி போட்டுக் கொடுத்தார். மச்சான் கீபோர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பொத்தானுல வண்டி ஓட்டறதா? போ மாப்ள, நல்லா வந்திருவ."

ஆனாலும் ஓட்டினார். ஓட்டியவர் நேராக இடது பக்கம் ஏறினார். அந்த விளையாட்டு அமெரிக்கக்காரன் செய்தது, அவன் ஊரில் வலது பக்கம்தான் போக வேண்டும். ஊரில் இருக்கிற அத்தனை காரும் மச்சான் முகத்துக்கு நேராக வந்தது. இவர் ஹாரன் அடித்துக்கொண்டே, "ஏனுங்க, உங்க பக்கம் போங்க! ஏனுங்!" என்று ஸ்கிரீனைப் பார்த்துக் கெஞ்சுகிறார். பாய் சிரித்த சிரிப்பில் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மச்சானும் சிரித்தார். விபத்துக்கு அப்புறம் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பொத்தான் அவருக்குச் சரிப்படவில்லை. அதனால் நான் ஸ்டீயரிங் செய்தேன்.

செய்தேன் என்று சாதாரணமாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கு வேண்டியது என்ன? ரேடியோவில் சத்தம் கூட்டக் குறைக்கத் திருகுவோமே, அந்த மாதிரித் திருகு மூன்று. ஒன்று ஸ்டீயரிங்குக்கு, ஒன்று ஆக்சிலேட்டருக்கு, ஒன்று பிரேக்குக்கு. அதற்கு ஒரு மரப்பெட்டியும் இரண்டு ஸ்க்ரூவும் போதும். ஆனால் நாங்கள் கோயமுத்தூர்ப் பட்டறைக்காரர்கள். எங்களுக்கு எதையும் லேசாகச் செய்ய வராது. உக்கடம் பழைய சாமான் கடையில் வேன் ஸ்டீயரிங் ஒன்று வாங்கினேன். அதற்குத் தண்டு கடைந்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பேரிங் போட்டேன். மச்சானுக்குக் கால் ஆகாது என்பதால் ஸ்டீயரிங்குக்கு அடியிலேயே கைக்கு எட்டுகிற மாதிரி இரண்டு இரும்பு லிவர். இடது கைக்கு பிரேக், வலது கைக்கு ஆக்சிலேட்டர். பிடித்தால் பிடித்த மாதிரி இருக்க வேண்டும் என்று பிரேக்குக்குத் தடித்த ஸ்ப்ரிங் வைத்தேன். எல்லாவற்றையும் வார்ப்பு இரும்புத் தட்டில் போல்ட் போட்டு இறுக்கினேன். மாடிக்குத் தூக்கிப் போக இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

பாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏண்ணா, வெளையாட்டுக் காருக்கு பேரிங் எதுக்குங்ண்ணா?"

"பேரிங் இல்லாம எப்படிங்க சுத்தும்?" என்றேன். எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"மேச ஒடஞ்சா நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு அவரே அடியில் ஒரு கட்டை வைத்து முட்டுக் கொடுத்தார்.

அதற்கப்புறம் மதியங்களில் மச்சான் சென்டரில்தான் இருந்தார். ரேஸ் பக்கமே போகவில்லை. வலது பக்கம் போகவும் பழகிக்கொண்டார், கொஞ்சம் திட்டிக்கொண்டே. மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பார். கடற்கரை ரோட்டில் ஓரமாக நிறுத்திவிட்டு அந்த அட்டைக் கடலைக் கொஞ்சம் பார்ப்பார். லாரி ஒதுங்கினால் கையைத் தூக்கி நன்றி சொல்வார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்வாராம், இன்றைக்கு மலையில் ரோடு இப்படி இருந்தது, டவுனில் கூட்டம் அப்படி இருந்தது என்று. டிரிப் முடிந்து வந்து சொன்ன அதே மாதிரி. "ரெண்டு புள்ளைக்கு அப்பன், பொம்ம காரு ஓட்டீட்டு வந்து கத சொல்றாரு" என்று அக்கா என்னிடம் அலுத்துக்கொண்டாள். அலுத்துக்கொண்டாலும் மதியமானால் அவளே பூத்துக்கு வந்து சாவியை வாங்கிக்கொள்வாள்.

இரண்டாம் பாகம் வரப் போகிறது என்று பாய் சொன்னபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னென்ன வைத்திருப்பான் என்று நானே மனசில் கட்டினேன். மழை வரும், இடது பக்கம் ஓட்டுகிற ஊர் ஒன்று வரும், கிளட்ச் கூட வரும். கிளட்சுக்கு மூன்றாவது லிவர் எங்கே வைக்கலாம் என்று சாக்பீஸால் கோடுகூடப் போட்டு வைத்தேன். மனுஷன் ஒன்று நன்றாகச் செய்தால் அடுத்ததை இன்னும் நன்றாகச் செய்வான் என்பதுதான் பட்டறையில் நான் கற்றது. ஒரு தண்டு சரியாக வந்தால் அடுத்த தண்டு அதைவிடச் சுருக்காக வரும்.

வந்தது. வண்டிகள் பளபளவென்று இருந்தன. டேஷ்போர்டைக் காணோம். வண்டிக்குப் பின்னால் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு ஓட்ட வேண்டும். ரோடு மேட்டில் ஏறினால் கார் பறந்து போய் விழுகிறது, விழுந்தும் ஓடுகிறது. ஒரு அச்சு முறிய வேண்டாமா? எதிரே வரும் ஜனங்கள் குறைந்துவிட்டார்கள். பாட்டு மட்டும் காது கிழியக் கேட்டது. ஹாரன் பொத்தானை அழுத்தினேன், சத்தம் வரவில்லை. பாய் விளையாட்டோடு வந்த காகிதத்தை எடுத்துப் படித்துவிட்டு, "இதுல ஹாரன் எடுத்துட்டாங்கண்ணா" என்றார். ஹாரனை எடுத்துவிட்டார்களாம்! ஹாரன் இல்லாமல் எங்கள் ஊர்க்காரன் சந்து கூடத் திரும்ப மாட்டான். இதைச் செய்தவன் எவனும் வண்டி ஓட்டியவனாக இருக்க மாட்டான், பஸ்ஸில் போகிறவன்தான் என்று கத்தினேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க கடைசியா வந்ததுக்கு வெளையாட்டத் திட்டாதீங்க" என்று பாய் கேலி செய்தார். நான் கடைசியாக வந்தது உண்மைதான். அதற்காக ஹாரனை எடுத்தது சரியாகிவிடுமா?

மச்சான் கோபப்படவில்லை. "சும்மா ஓட்டறது இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது. "அப்பப் போதும்" என்றார். பறக்கும் மேடு வரும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கினார். ஹாரனுக்கு வாயாலேயே சத்தம் கொடுத்துக்கொண்டார்.

மூன்றாம் பாகத்துக்கு நான் ஆசைப்படவில்லை, ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை. இரண்டாவதில் செய்த தப்பு அவனுக்கே தெரிந்திருக்காதா, திருத்தியிருக்க மாட்டானா? கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை நமக்குத் தெரியும், நம்முடைய கழுதைக்கு அப்படி ஆகாது என்று எல்லோரும் நினைக்கிறோம். அந்த விளையாட்டுக்குப் பழைய மிஷின் போதாது என்று பாய் புது கம்ப்யூட்டர்கள் வாங்கினார். பழையவற்றை பொள்ளாச்சிப் பக்கம் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள், முதல் இரண்டு பாகமும் அதற்குள்ளேயே போயின.

புதியதைப் போட்டோம். ரோடுகள் வரிசையாகப் படம் படமாகத் தெரிந்தன. பனி பெய்யும் ரோடு, பாலைவனத்து ரோடு, பெரிய பாலம். அந்தப் பாலத்தைப் பார்த்ததும் மச்சான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். எல்லாப் படத்தின் மேலும் பூட்டு. ஒன்றே ஒன்றுதான் திறந்திருந்தது, அதிலும் ரேஸ்தான். சும்மா ஓட்டுவது எங்கே என்று நானும் பாயும் எல்லாப் பக்கமும் தேடினோம். அதை எடுத்துவிட்டார்கள். ரேஸில் முதலில் வந்தால்தான் அடுத்த ரோடு திறக்கும்.

மச்சான் ரேஸ் ஓட்டினார். கையிலேயே ஆக்சிலேட்டரும் பிரேக்கும் பிடித்து அவர் வளைவு எடுப்பதைப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்த ரேஸ் வேறு மாதிரி செய்திருந்தார்கள். மற்ற வண்டியைப் பக்கவாட்டில் இடித்துத் தள்ளினால்தான் பாயிண்ட். இடிக்காமல் போகிறவனை மற்றவர்கள் இடித்துத் தள்ளுவார்கள். ஒவ்வொரு இடிக்கும் ஜனங்கள் கைதட்டுகிற சத்தம் வரும். மச்சான் ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டார். ஒவ்வொரு தடவையும் கடைசியில்தான் வந்தார். நாலைந்து நாள் பார்த்துவிட்டு நானே சொன்னேன்.

"மச்சான், இடிச்சுத்தானுங்க ஆகோணும். வெளையாட்டுத்தானுங்களே."

அவர் லிவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இடிச்சுப்போட்டு நிக்காமப் போறவனுக்குக் கைதட்டறாங்க மாப்ள. கேட்டியா நீ?"

எனக்கும் கேட்டிருந்தது. ஆனால் விடவும் மனசு வரவில்லை. அந்தப் பாலம் அவருக்கு வேண்டும். மதியம் சோற்றைக் கூடப் பட்டறையிலேயே அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி, அவர் வருவதற்கு முன்னால் நானே உட்கார்ந்து ஓட்டினேன். இடித்தேன், தள்ளினேன், போலீஸ் காரைப் பள்ளத்தில் இறக்கினேன். அவ்வளவு வெறுப்போடு நான் எதையும் ஜெயித்ததில்லை. பனி ரோடு திறந்தது, பாலைவனம் திறந்தது, கடைசியில் பாலமும் திறந்தது. அன்றைக்கு மச்சான் படியேறி வந்ததும், "உக்காருங்க மச்சான், எல்லா ரோடும் தொறந்தாச்சுங்க" என்றேன்.

அவர் உட்காரவில்லை. "எப்படித் தொறந்த?"

சொன்னேன்.

"நீ இடிச்சுத் தொறந்த ரோட்டுல நான் ஓட்ட மாட்டேன் மாப்ள. தப்பா நெனச்சுக்காத." கைத்தடியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அதைச் செய்தவர்கள் மேல் வந்தது. ஒரு மனுஷன் தன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனால் உங்களுக்கு என்னடா நஷ்டம்? ஒரு ரோட்டைத் திறந்து விட்டால் தேய்ந்தா போய்விடும்? இருந்ததைத்தானே கேட்கிறோம், இல்லாததைக் கேட்கவில்லையே. இதை யாரிடம் போய்ச் சொல்வது? மோட்டார் கெட்டால் செய்தவன் பட்டறை வாசலில் போய் நிற்கலாம். இதற்கு வாசலே கிடையாது.

பாய் பாவம், எங்கெங்கோ அலைந்து முதல் பாகத்தை மறுபடி ஒரு சி.டி.யில் வாங்கி வந்தார். நானே பூத்துக்குப் போய் மச்சானைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். போட்டோம். அதே டேஷ்போர்டு, அதே அட்டை மரங்கள். மச்சான் முகம் மலர்ந்தது. வலது கை லிவரை லேசாகத் தொட்டார். கார் பிசாசு பிடித்த மாதிரிப் பாய்ந்து சுவரில் மோதி நின்றது. மறுபடி தொட்டார், மறுபடி சுவர். லாரிகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் போயின. புது மிஷினின் வேகத்தைப் பழைய விளையாட்டுக்குத் தாங்கத் தெரியவில்லை, எல்லாம் பல மடங்கு ஓடுகிறது என்று பாய் விளக்கினார். குறைக்க வழி தேடினார், கிடைக்கவில்லை. மச்சான் மூன்றாம் தடவை தொடவில்லை. "செரி, உடுங்க. கெரகம் புடிச்சுப்போச்சு" என்றார். அதன் பின் அவர் சென்டருக்கு வரவே இல்லை.

ஸ்டீயரிங்கை இரண்டு ஆள் வைத்து மாடியிலிருந்து இறக்கிப் பட்டறை மூலையில் போட்டேன். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வந்தது. கட்டிங் மிஷினில் போட்டுத் துண்டு துண்டாக வெட்டிவிடலாம் என்றுகூட இருந்தது.

அப்போதுதான் ஒருநாள் அக்கா பட்டறைக்கு வந்தாள். சத்தத்துக்குப் பயந்து அவள் வாசல் தாண்டி உள்ளே வருவதே இல்லை. அன்றைக்கு நேராக லேத் பக்கத்தில் வந்து நின்றாள். நான் மிஷினை நிறுத்தினேன்.

"கண்ணு, உங்க மச்சான் பேசறதே இல்ல. பூத்துல இருந்து வந்தா சோத்தத் தின்னுபோட்டுச் செவுத்தப் பாத்துப் படுத்துக்கறாங்க. அந்தப் பழைய பொம்ம காரையே மறுபடி போட முடியாதா? மலைல போனேன், டவுனுல போனேன்னு எதாச்சும் சொல்லீட்டிருந்தாங்க. அது நல்லாத்தான் இருந்துச்சு."

முடியாதுக்கா என்று ஆரம்பித்தேன். ஹாரனை எடுத்தது, ரோட்டைப் பூட்டியது, பழையது வெறி பிடித்து ஓடுவது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். இருந்த ஆத்திரத்தில் மூச்சு வாங்கியது. அவள் பாதிக்கு மேல் கேட்கவில்லை. மூலையில் கிடந்த ஸ்டீயரிங்கிடம் போய், குனிந்து பிரேக் லிவரைப் பிடித்து இழுத்தாள். ஸ்ப்ரிங் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"பொம்மைக்கா இத்தன கெட்டியாச் செஞ்ச?"

"நமக்கு லேசாச் செய்யத் தெரியாதுக்கா."

அவள் லிவரை விடாமல் அப்படியே நின்றாள். "இத வாசல்ல நிக்கற நெச வண்டீல மாட்டுனா பிரேக் புடிக்குமா?"

லிவரிலிருந்து பெடலுக்கு ஒரு தண்டு இறக்கினால் பிடிக்கும், கிளட்சுக்கு அவருடைய இடது கால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி அனுமதி வாங்க வேண்டியிருக்கும். இத்தனையும் எனக்குத் தெரியும். செய்யும்போதே கை அப்படித்தான் செய்திருந்தது. தொடவே கூடாது என்று கும்பிட்டவள் அவள் என்பதால் நான் வாயைத் திறந்ததே இல்லை.

"புடிக்கும்க்கா" என்றேன். "உனக்குப் பயமா இல்லியா?"

"பயமாத்தான் இருக்குது. ஈரக்கொலையே நடுங்குது" என்றாள் அக்கா. "நடுங்குனா நடுங்கீட்டுப் போவுது. நீ மாட்டு."